ஐந்தாவது தந்தி: பெருமிதமும் பரிசோதனையும்

இஸ்லாமிய நாகரிகம் உலகிற்கு அளித்தவை என்று நம்முடைய மேடைகளிலும் மாநாட்டு மலர்களிலும் வாசிக்கப்படும் பட்டியலில், பக்தாதிலிருந்து குர்துபா சென்ற ஸிர்யாபின் பெயர் தவறாமல் இடம்பெறும். 'ஊத்' என்னும் நரம்புக் கருவிக்கு அவர் ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார் என்ற ஒரு வரியும் அதனுடன் வரும். அவை மகிழும், பேச்சாளர் அடுத்த பெயருக்குச் சென்றுவிடுவார். அந்தத் தந்தி எதற்காகச் சேர்க்கப்பட்டது, கருவியில் எந்த இடத்தில் கட்டப்பட்டது, எப்பொருளால் திரிக்கப்பட்டது, அதனால் புதிதாகக் கிடைத்தது என்ன என்ற கேள்விகளை நாம் எழுப்புவதில்லை. ஒரு கண்டுபிடிப்பைக் கொண்டாடுகிறோம். அதன் உள்ளே நுழைந்து பார்க்க நேரம் ஒதுக்குவதில்லை.

ஊதின் தந்திகளைப் பற்றி நம் முன்னோர் எழுதியவை பல. அவற்றுள் மூன்று அறிவாளர் தரப்பின் எழுத்துகளையும் ஸிர்யாபைப் பற்றிய வரலாற்றுக் குறிப்பையும் அருகருகே வைத்துப் படிக்க இக்கட்டுரையில் முயல்கிறோம். அந்த மூவர் அல்-கிந்தீ (இறப்பு ஏறத்தாழ 873), அல்-ஃபாராபீ (இறப்பு 950), பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய இஃக்வானுஸ் ஸஃபா என்னும் அறிஞர் குழுவினர். ஒரே கருவியைப் பற்றிப் பேசும் இவர்கள் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. காரணங்கள் வேறுபடும் இடத்தில்தான் இந்த வரலாற்றின் பயன் இருக்கிறது என்பது நம் துணிபு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். நரம்புக் கருவிகளைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு இங்கு நம் ஆய்வுப்பொருளன்று. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் ஸமாஃ பற்றிய தனிப் பகுதியில் அதை விரிவாக விவாதித்திருக்கிறார்கள். தந்திக் கருவிகளை அவர்கள் விலக்குவதற்குச் சொல்லும் காரணம் ஒலியின் இனிமையன்று, மது அருந்துவோரின் அடையாளமாக அவை ஆகிவிட்டமையே என்பதும் கற்றோர் அறிந்ததே. நாம் பேசும் நூல்களோ இசையைக் கணிதக் கலைகளுள் ஒன்றாக வைத்து எழுதப்பட்டவை. எண்கணிதம், வடிவகணிதம், வானியல் ஆகியவற்றோடு சேர்த்துப் பயிலப்பட்ட துறை அது. ஆகவே அதன் கணக்கைக் கணக்காகவே சரிபார்க்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

நான்கு தந்திகளின் அமைப்பு

அப்பாஸியர் காலத்து ஊதில் அடிப்படையாக நான்கு தந்திகள் இருந்தன. தாழ்ந்த ஒலியுடையது 'பம்', அதற்கு அடுத்தது 'மஸ்லஸ்', அதற்கடுத்தது 'மஸ்னா', மிக உயர்ந்தது 'ஸீர்'. பம், ஸீர் என்ற ஓரத்துப் பெயர்கள் இரண்டும் பாரசீகம். மூன்றாவது, இரண்டாவது என்று பொருள்படும் நடுப் பெயர்கள் இரண்டும் அரபு. கருவி இரு பண்பாடுகளின் கைகளில் வளர்ந்தது என்பதைப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. தமிழிலும் தந்திக்கு 'நரம்பு' என்பதே பழம்பெயர் என்பதை இங்கு நினைவுகூரலாம். எப்பொருளால் தந்தி செய்யப்பட்டது என்பதை மொழி மறப்பதில்லை.

ஒவ்வொரு தந்தியும் அடுத்ததிலிருந்து சட்ஜத்திற்கும் சுத்த மத்திமத்திற்கும் உள்ள தொலைவில் சுருதி கூட்டப்பட்டது. அதாவது, ஒரு தந்தியை அதன் நீளத்தில் நான்கில் மூன்று பங்கு மட்டும் அதிரும்படி சுண்டு விரலால் அழுத்தினால், அடுத்த தந்தியைத் திறந்து மீட்டும்போது எழும் ஒலி கிடைக்கும். அதிர்வெண்ணில் இது 4:3 என்னும் விகிதம். இக்கட்டுரையின் கணக்கு முழுவதும் இந்த ஒரு விகிதத்தைச் சுற்றியே அமைகிறது.

நான்கு என்ற எண்ணும் சும்மா விடப்படவில்லை. கிரேக்க மருத்துவம் உடலில் நான்கு திரவங்களைச் சொன்னது. இயற்கைத் தத்துவம் நான்கு பூதங்களைச் சொன்னது. ஸீர் நெருப்பும் மஞ்சள் பித்தமும் ஆயிற்று. மஸ்னா காற்றும் குருதியும். மஸ்லஸ் நீரும் கபமும். பம் மண்ணும் கரும்பித்தமும். அல்-கிந்தீயும் இஃக்வானுஸ் ஸஃபாவும் இந்த ஒப்புமையை விரும்பிப் பேசியவர்களே. கருவியின் உடலில் மனித உடலையும் மனித உடலில் பிரபஞ்சத்தையும் கண்ட பார்வை அது. அதன் அழகை நாம் மறுக்கவில்லை; ஆனால் அழகு வேறு, ஆதாரம் வேறு.

இழைகளின் கணக்கு

இஃக்வானுஸ் ஸஃபாவின் இசை பற்றிய ரிஸாலாவில் தந்திகளின் பருமன் எண்களால் தரப்பட்டிருக்கிறது. பம் 64 பட்டிழைகள், மஸ்லஸ் 48, மஸ்னா 36, ஸீர் 27. ஒவ்வொன்றும் அடுத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 64-க்கு 48 எப்படியோ அப்படியே 48-க்கு 36, 36-க்கு 27. ஒலிகளுக்கு இடையிலுள்ள 4:3 என்ற உறவு, இழைகளுக்கு இடையிலும் அப்படியே அமைந்துவிட்டது. எண்ணும் ஒலியும் பொருளும் ஒரே விகிதத்தில் நிற்கின்றன. பஸராவின் அந்த அறிஞர்களுக்கு இது படைப்பின் ஒழுங்குக்கே ஒரு சான்றாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இனி இதைச் சரிபார்ப்போம். மேனிலைப் பள்ளி இயற்பியல் பாடத்தில் நாம் அனைவரும் படித்த விதி இதற்குப் போதும். நீளமும் இழுவிசையும் சமமாக இருக்கும் இரண்டு தந்திகளின் அதிர்வெண்கள், ஓரலகு நீளத்தின் நிறைக்கு நேர்விகிதத்திலோ எதிர்விகிதத்திலோ அமைவதில்லை. அந்நிறையின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமைகின்றன. ஆகவே அதிர்வெண் 4:3 ஆக உயர வேண்டுமானால் நிறை 16:9 ஆகக் குறைய வேண்டும். 64 இழைகள் கொண்ட பம்முக்கு அடுத்த தந்தியில் 48 இழைகள் இருந்தால் போதாது. 36 இழைகளே இருக்க வேண்டும். அதற்கடுத்தது ஏறத்தாழ 20. அதற்கடுத்தது ஏறத்தாழ 11. இஃக்வானுஸ் ஸஃபா சொன்ன எண்களின்படி தந்திகளைத் திரித்து, எல்லாவற்றையும் ஒரே அளவு இறுக்கினால், பம்முக்கும் மஸ்லஸுக்கும் இடையே மத்திமத் தொலைவில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும்.

அப்படியானால் அந்தத் தந்திகளை வைத்து யாரும் வாசித்திருக்க முடியாதா? முடியும். பிரடையைத் திருகும் கை, விடுபட்ட பாதியைத் தானே ஈடு செய்துவிடும். மெல்லிய தந்தி ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இறுக்கினால் சுருதி சரியாகச் சேர்ந்துவிடும். அதாவது 4:3 என்ற அதிர்வெண் விகிதத்தின் ஒரு பாதியைப் பருமனும் மற்றப் பாதியை இறுக்கமும் சுமக்கின்றன. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பம்மை ஒரு பங்கு இறுக்கினால் ஸீரை 2.37 பங்கு இறுக்க வேண்டும். விரலுக்கு ஒரு தந்தி தளர்ந்தும் ஒரு தந்தி விறைத்தும் தெரியும். கருவியின் முகப்பலகை ஒருபக்கமாக இழுபடும்.

இங்கு ஒரு நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒலியின் உயர்வு தாழ்வு, தந்தியின் நீளம், பருமன், இறுக்கம் ஆகிய மூன்றையும் சார்ந்தது என்பதை இஃக்வானுஸ் ஸஃபா தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். எவை எவற்றைச் சார்ந்தவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த அளவில் என்பதில்தான், எண்ணின் அழகு அவர்களை முந்திக்கொண்டு முடிவு செய்துவிட்டது. இதே பிழையை ஐரோப்பாவும் பல நூற்றாண்டுகள் படியெடுத்துக்கொண்டே இருந்தது. கொல்லன் பட்டறைச் சுத்தியல்களின் எடையில் பித்தாகரஸ் ஸ்தாயியைக் கண்டுபிடித்தார் என்ற கதையைப் பள்ளிதோறும் பயிற்றுவித்த ஐரோப்பியர்களில், தந்தியில் எடைகளைத் தொங்கவிட்டு அதைச் சோதித்து மறுத்தவர் வின்சென்சோ கலிலேயி. 1591இல் இறந்த அவர் வானியலாளர் கலிலேயோவின் தந்தை. தொழிலால் ஊதின் ஐரோப்பிய வாரிசான லூட் கருவியின் வித்வான். தந்தியின் விதியை முழு வடிவில் மெர்சென் அச்சிட்டு வெளியிட்டது 1636இல்.

கிந்தீ தரும் செய்முறை

அல்-கிந்தீயின் எழுத்தில் தந்திகள் வேறு விதமாக விவரிக்கப்படுகின்றன. பம் மெல்லிய குடல் நரம்பின் நான்கு புரிகளைச் சேர்த்து முறுக்கியது, மஸ்லஸ் மூன்று புரி, மஸ்னா இரண்டு, ஸீர் ஒன்று. கீழிரண்டும் குடல், மேலிரண்டும் அதே பருமனுக்குத் திரித்த பட்டு. 64, 48, 36, 27 என்ற வரிசையிலுள்ள இசைவு இதில் இல்லை. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்பது எந்தத் தத்துவத்தையும் நிறைவு செய்யும் விகிதமன்று. தந்தி திரிப்பவர் கைவிரல் விட்டு எண்ணும் கணக்கு அது.

ஆனால் முன்பு செய்த சோதனையை இதற்கும் செய்து பார்ப்போம். பட்டும் குடலும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி உடையவை. எனவே புரிகளின் எண்ணிக்கையையே நிறையாகக் கொள்ளலாம். பம்முக்கு 64 என்று வைத்துக்கொண்டால் கிந்தீயின் வரிசை 64, 48, 32, 16 என்று ஆகும். சம இழுவிசைக்குரிய சரியான வரிசை 64, 36, 20, 11. இஃக்வானுஸ் ஸஃபாவின் வரிசையைவிடக் கிந்தீயுடையது உண்மைக்கு நெருங்கி நிற்கிறது. அவருடைய ஊதில் ஸீரின் இறுக்கம் பம்மினுடையதைப் போல் 1.4 மடங்குதான், எந்த இரு தந்திகளை ஒப்பிட்டாலும் வேறுபாடு 1.6 மடங்கைத் தாண்டாது. விரலுக்கு இணக்கமான கருவி இதுவே. எழுதியவர் ஒரு தத்துவஞானி. ஆயினும் அவர் பதிவு செய்தது பட்டறையின் அறிவு என்றே நாம் கருதுகிறோம்.

மேல் தந்திகளுக்குப் பட்டு ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு தந்தி எந்தச் சுருதியில் அறும் என்பது அதன் பருமனைப் பொறுத்ததன்று. பருமன் கூடினால் தாங்கும் வலிமையும் கூடும். அதே சுருதிக்கு வேண்டிய இறுக்கமும் அதே அளவு கூடிவிடும். ஆகவே குறிப்பிட்ட நீளமுடைய தந்தி எட்டக்கூடிய உச்சச் சுருதியை அதன் மூலப்பொருளே தீர்மானிக்கிறது. குடலைவிடப் பட்டு வலியது. ஸீர் குடலாக இருந்தால் எட்ட முடியாத இடத்தைப் பட்டால் எட்டலாம். விதியின் வாய்பாடு எழுதப்படுவதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அறுந்த தந்திகள் இப்பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டன.

இரண்டு ஐந்தாவது தந்திகள்

இப்போது ஸிர்யாபுக்கு வருவோம். அலீ இப்னு நாஃபிஃ என்ற இயற்பெயருடைய அவர் 822இல் அந்தலூஸுக்கு வந்து, குர்துபாவின் அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் அவையில் பெரும் மதிப்புடன் வாழ்ந்தார். அவரைப் பற்றி நாம் சொல்லும் கதைகள் பெரும்பாலும் 1632இல் இறந்த அல்-மக்கரீயின் 'நஃப்ஹுத் தீப்' என்ற நூலின் வழியே வந்தவை. இருவருக்கும் இடைப்பட்ட காலம் எட்டு நூற்றாண்டுகள். மக்கரீக்கு மூலமாக இருந்தவருள் முதன்மையானவர் 1076இல் இறந்த இப்னு ஹய்யான். அவருடைய நூலின் உரிய பகுதி 2003இல் அச்சில் வந்தபின் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. இப்னு ஹய்யான் பலதரப்பட்ட செய்திகளை அருகருகே தொகுத்திருக்க, மக்கரீ புகழ்ச்சிக்கு உதவியவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்பதை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். இழந்துபோன அந்தலூஸை நினைத்து ஏங்கி எழுதியவரிடம் நாம் வேறு எதையும் எதிர்பார்க்க இயலாது.

மக்கரீ சொல்வது என்ன? நான்கு தந்திகளும் நான்கு திரவங்களின் நிறங்களைப் பெற்றிருந்தன: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கறுப்பு. உடலுக்குத் திரவங்கள் போதா, ஆன்மாவும் வேண்டும் என்பதால் ஸிர்யாப் சிவப்பு நிறத்தில் ஐந்தாவது தந்தியைச் சேர்த்து, அதை நடுவில், மஸ்லஸுக்கும் மஸ்னாவுக்கும் இடையில் கட்டினார். தந்தியின் இடமும் நிறமும் உட்பொருளும் சொல்லப்படுகின்றன, சுருதி சொல்லப்படவில்லை.

அல்-கிந்தீயும் அல்-ஃபாராபீயும் பேசும் ஐந்தாவது தந்தி இதுவன்று. அவர்களுடைய தந்தி ஸீருக்கு அப்பால், கருவியின் உயர்ந்த ஓரத்தில் கட்டப்படுவது. கிந்தீ அதை இரண்டாம் ஸீர் என்பார். பின்வந்தோர் 'ஹாத்', கூர்மையானது, என்று பெயரிட்டனர். அதற்கான காரணம் கலப்பற்ற கணக்கு. மாபெரும் முழுமை என்று அவர்கள் கருதியது இரண்டு ஸ்தாயிகள். ஒவ்வொரு தந்தியும் திறந்த நிலையிலிருந்து சுண்டு விரல் வரை ஒரு மத்திமத் தொலைவைத் தரும். அத்தகைய தொலைவுகள் நான்கைச் சேர்த்தால் 256:81. இரண்டு ஸ்தாயிகளுக்கு வேண்டியது 4:1. எஞ்சும் குறை 81:64. இதுவோ ஒரு தந்தியில் மோதிர விரலின் மெட்டு தரும் காந்தாரத் தொலைவுக்கு மிகச் சரியாகச் சமம். ஐந்தாவது தந்தி ஒன்றைக் கட்டி மோதிர விரலை வைத்தால் இரண்டாவது ஸ்தாயி முற்றுப்பெறும். ஒரு மயிரிழையும் மிச்சமில்லை.

ஆக, நம் பட்டியல்கள் ஒன்றாக்கிச் சொல்லும் ஐந்தாவது தந்தி உண்மையில் இரண்டு. ஒன்று நடுவில் நின்று ஆன்மாவைக் குறிக்கிறது. மற்றொன்று ஓரத்தில் நின்று ஸ்தாயியை நிறைவு செய்கிறது. முதலாவதற்குக் கதை உண்டு, கணக்கு இல்லை. இரண்டாவதற்குக் கணக்கு உண்டு, கதை இல்லை. கதையுள்ள தந்தியே நம் மேடைகளில் வாழ்கிறது. வேறொரு செய்தியையும் இதனுடன் வைத்துப் பார்க்கலாம். அந்தலூஸிய இசை மரபைப் போற்றி வளர்க்கும் வட ஆப்பிரிக்காவில், அம்மரபுக்கே உரிய 'ஊத் அரபீ', 'குவைத்ரா' ஆகிய கருவிகள் நான்கு இணைத் தந்திகளையே கொண்டவை. ஸிர்யாபைத் தம் மூதாதையாகப் போற்றும் மரபினர், அவர் சேர்த்ததாகச் சொல்லப்படும் தந்தி இல்லாமலேயே வாசித்து வந்திருக்கின்றனர்.

ஆயினும் அதே மக்கரீயின் பக்கங்களில் நாம் கவனிக்கத் தவறும் ஓரிரு செய்திகள் உண்டு. கலீஃபா ஹாரூன் ரஷீதின் முன் ஸிர்யாப் தம் ஊதை விளக்கும் காட்சியில், பம்மும் மஸ்லஸும் சிங்கக் குட்டியின் குடலால் ஆனவை என்கிறார். இதை அவைப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மேல் தந்திகள் வெந்நீரில் இட்டு நூற்காத பட்டு என்கிறார். ஒதுக்க முடியாத செய்தி இது. கூட்டிலிருந்து வரும் பட்டிழை, எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இயற்கையான பசையைக் கொண்டது. வெந்நீரில் அவித்தால் அப்பசை கரைந்து இழை மென்மையாகும் என்பதை நம் பட்டு நெசவாளர்கள் அனைவரும் அறிவர். ஆடைக்கு அந்த மென்மை வேண்டும், தந்திக்கு வேண்டாம். பசை நீங்காத பட்டு விறைப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். மீட்டுவதற்கு மரக் குச்சிக்குப் பதிலாகக் கழுகின் இறகுத் தண்டை ஸிர்யாப் புகுத்தினார் என்ற செய்தியும் இத்தகையதே: விரலுக்கு இலேசானது, தந்தியைத் தேய்க்காதது. பட்டின் பக்குவத்தையும் இறகையும் சொன்ன வாய் தொழில் தெரிந்த வாய். இவற்றை எடுத்துச் சொல்லாத நாம், சிவப்புத் தந்தியை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஃபாராபீயின் மறுப்பு

இந்த விமரிசனத்தை நாம் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. மரபின் உள்ளேயே அது எழுந்தது. 'கிதாபுல் மூஸீகல் கபீர்' என்ற பெருநூலில் அல்-ஃபாராபீ, கோள்களின் இசை என்ற பித்தாகரியக் கருத்தை மறுத்து ஒதுக்கினார். இசையின் செயல்முறை முதலில் தோன்றியது, கோட்பாடு நெடுங்காலம் கழித்தே வந்தது என்றும் சொன்னார். அடுத்த தலைமுறையில் இப்னு சீனாவும் (980-1037) இசையை வானத்தின் வடிவங்களோடும் ஆன்மாவின் குணங்களோடும் ஒப்பிடுவோரின் வழியைத் தாம் பின்பற்றப் போவதில்லை என்று 'ஷிஃபா'வின் இசைப் பகுதியில் அறிவித்தார்.

ஐந்தாவது தந்தியை ஃபாராபீ அணுகும் முறை இந்த மனநிலைக்குச் சான்று. இரண்டு ஸ்தாயிகளை நிறைவு செய்ய வழிகள் இரண்டு என்கிறார். ஒன்று, சுண்டு விரலின் மெட்டுக்கும் கீழே கையை நகர்த்தி ஸீரிலேயே வாசிப்பது. மற்றொன்று, ஐந்தாவது தந்தியைக் கட்டுவது. கருவியை மாற்றலாம், கையையும் மாற்றலாம். தந்தியைச் சேர்ப்பது தெய்விகக் கட்டளையாகவோ எண்ணின் கட்டாயமாகவோ அவருக்குத் தோன்றவில்லை. அது ஒரு வசதி, அவ்வளவே.

நடு விரலின் மெட்டை அவர் பதிவு செய்த விதமும் அப்படியே. பழைய முறை ஓரிடம், பாரசீகர் முறை ஓரிடம், 791இல் இறந்த வித்வான் மன்ஸூர் ஸல்ஸலின் முறை வேறோரிடம். ஸல்ஸலின் மெட்டு 27:22 என்னும், எந்தத் தத்துவத்திற்கும் பொருந்தாத விகிதத்தில் நிற்கிறது. ஃபாராபீ அதைத் திருத்தவில்லை. வாசிப்போர் கை வைக்கும் இடம் அது என்பதால் எழுதி வைத்தார். விகிதம் அழகாக இல்லாவிட்டாலும் காது ஏற்றால் அது தரவு. இந்தப் பணிவே அறிவியலின் தொடக்கம் என்று நாம் கருதுகிறோம்.

துணிந்த பரிசோதனைகள் எல்லாம் நிலைத்துவிடவில்லை என்பதும் இம்மரபின் பாடமே. பதினேழு சுரங்கள் கொண்ட அமைப்பை வகுத்த ஸஃபியுத்தீன் உர்மவீ, 1258இல் ஹுலாகுவின் படை பக்தாதை அழித்தபோது உயிர் தப்பியவர்; 1294இல் கடனாளிகள் சிறையில் மறைந்தார். அவர் 'முஃக்னீ', 'நுஸ்ஹா' என்ற இரண்டு தந்திக் கருவிகளைப் புதிதாக அமைத்தார். சதுர வடிவான நுஸ்ஹாவில் ஒவ்வொரு சுரத்திற்கும் தனித் தந்தி. விரலால் அழுத்தி நீளத்தைக் குறைக்க வேண்டியதில்லை. இரண்டு கருவிகளும் வழக்கொழிந்தன. அவருடைய கோட்பாடு வாழ்ந்தது.

பக்தாதின் புதிய பட்டறைகள்

இப்பரிசோதனை இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1936இல் பக்தாதில் தோன்றிய இசைக் கல்லூரியில் ஷரீஃப் முஹ்யித்தீன் ஹைதர் பயிற்றுவித்த மாணவர்களுள் ஜமீல் பஷீரும் முனீர் பஷீரும் (1930-1997) அடங்குவர். முனீருக்காக ஊத் செய்த பக்தாத் கைவினைஞர் முஹம்மத் ஃபாளில், தந்தி கட்டும் முறையையே மாற்றினார். வழக்கமான ஊதில் தந்திகள் முகப்பலகையில் ஒட்டிய குதிரையிலேயே முடிச்சிடப்படும். அவற்றின் இழுப்பு முழுவதும் பலகையைப் பெயர்க்கப் பார்க்கும். ஃபாளிலின் ஊதில் தந்திகள் நகர்த்தக்கூடிய குதிரையின் மேல் ஏறிச் சென்று கருவியின் அடி விளிம்பில் கட்டப்பட்டன. பெயர்க்கும் விசை அமுக்கும் விசையாக மாறியது. தந்தியைக் கூடுதலாக இறுக்க முடிந்தது. ஒலி தெளிந்து நீண்டது. இந்த மாற்றத்திற்குக் கதை எதுவும் தேவைப்படவில்லை. கருவியே சாட்சி சொன்னது.

இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் குடல் நரம்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட, மீட்டும் கருவிகளுக்கு நைலான் தந்தி வந்தது. ஊதும் அதை ஏற்றது. மேல் தந்திகள் நைலானாகவும், கீழ்த்தந்திகள் இழைக் கற்றையின் மேல் உலோகக் கம்பி சுற்றியவையாகவும் இன்று அமைகின்றன. கம்பி சுற்றும் உத்தி ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றியது. அதன் பயன் எளிது: தந்தி தடித்து விறைக்காமல் எடை மட்டும் கூடும். கிந்தீ நான்கு புரியால் தீர்க்க முயன்ற சிக்கலே அது.

1963இல் பிறந்த இராக்கிய வித்வான் நஸீர் ஷம்மா, ஃபாராபீயின் கையெழுத்துப்படி ஒன்றை ஆதாரமாகக் கொண்டு எட்டுத் தந்தி ஊதை உருவாக்கியதாக அறிவித்தார். கருவியின் வீச்சு பெருகியது. அவருடைய வாசிப்பின் வளத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஃபாராபீயின் பெருநூலில் நாம் காண்பது நான்கு தந்திகளும், தேவைக்கு ஐந்தாவதும்தான். எட்டுத் தந்திகளுக்கு ஷம்மாவின் கைகளே போதுமான சான்றாக இருக்க, ஆயிரம் ஆண்டு பழைய பெயர் ஒன்றை அதற்கு முத்திரையாக இடுவானேன்? புதுமை செய்பவரும் பழைமையின் அனுமதிச் சீட்டைத் தேடும் இந்த வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இந்தியத் துணைக்கண்டத்திலும் இதையே காண்கிறோம். சிதாரைக் கண்டுபிடித்தவர் அமீர் குஸ்ரவ் (1253-1325) என்று இன்னும் எழுதப்படுகிறது. கருவி தில்லியில் உருப்பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டில்; குஸ்ரவ் கான் என்ற வேறொருவருடன் அதைத் தொடர்புபடுத்துவதே ஆய்வாளர்களின் முடிவு. பெயர் ஒற்றுமை ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. மறுபுறம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டாணிய இசைக் குடும்பங்கள் ஆப்கானிய ரபாபை ஸரோதாக மாற்றிய வரலாறு நமக்குப் போதிய அளவு தெரியவில்லை. குடல் நரம்புகளுக்குப் பதில் உலோகத் தந்திகள் வந்தன. மரப் பலகைக்குப் பதில் உலோகத் தகடு வந்தது. முன்பு மீட்டியவுடன் அடங்கிய ஒலி இப்போது நீண்டு நின்றது. விரலை வழுக்கி ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு இழுத்துச் செல்லும் மீண்டு சாத்தியமாயிற்று. இம்மாற்றத்தின் பெருமைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உரிமை கோருகின்றன. தந்தியின் பொருளை மாற்றியதால் இசையின் மொழியே மாறிய நிகழ்ச்சி இது. ஒரு மகானின் பெயர் இல்லாததால் நம் மலர்களில் இதற்கு இடமில்லை.

நம் கடமை

இதையெல்லாம் எழுதுவதால் முன்னோரின் புகழைக் குறைக்கிறோம் என்று சிலர் வருந்தக்கூடும். நம் அச்சம் வேறு. மேடையில் ஒரு செய்தியைக் கேட்டுப் பெருமிதம் கொண்ட மாணவன், நாளை நூலகத்தில் அது கால்பங்குதான் உண்மை என்று காணும்போது, எஞ்சிய முக்கால்பங்கையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவான். கிந்தீயின் நான்கு புரியும் ஃபாராபீயின் இரண்டு வழிகளும் அவன் கண்ணில் படாமலேயே போய்விடும். இழப்பு அவனுக்கும் நமக்கும் உரியது.

ஆகவே நம் கல்வி நிறுவனங்களின் இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஓர் எளிய யோசனையை முன்வைக்கிறோம். ஆய்வகத்திலிருக்கும் சுரமானியில் கம்பிக்குப் பதிலாக, 64 பட்டிழைகளைத் திரித்த நூல் ஒன்றையும் 48 இழைகளைத் திரித்த நூல் ஒன்றையும் சம நீளத்தில் கட்டுங்கள். இரண்டிலும் மூன்று கிலோ எடையைத் தொங்கவிட்டு மீட்டச் சொல்லுங்கள். மத்திமம் கிடைக்காது, இஃக்வானுஸ் ஸஃபாவின் கணக்கு பிழை என்று மாணவர்கள் சொல்வர். பிறகு மெல்லிய நூலில் மட்டும் எடையை நான்கு கிலோவாக்கி மீண்டும் மீட்டச் சொல்லுங்கள். மத்திமம் துல்லியமாக ஒலிக்கும். இழைகளில் இருந்த நாலுக்கு மூன்று என்ற அதே விகிதம் எடைகளிலும் நிற்பதை அவர்களே கவனிப்பர். பஸராவின் அறிஞர்கள் எதைக் கண்டார்கள், எதைக் காணத் தவறினார்கள் என்பதை அதன்பின் நாம் தனியே விளக்க வேண்டியிராது.